பழைய கோல்ட் 1911 பிஸ்டலுக்குப் புதுப் பூச்சு போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பழைய ராணுவ பிஸ்டல் ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கும் எழும் முதல் ஆசை, அதைப் புதுசு போல ஆக்கிவிட வேண்டும் என்பதுதான். இங்கே 1911, 1911ஏ1 பிஸ்டல்களை வைத்தே பேசுகிறேன். அதிகம் புழங்குவதும் அவைதான், அதிகம் கெடுக்கப்பட்டவையும் அவைதான்.

மாமனார் வீட்டு அலமாரியில் இருந்து ஒரு 1911ஏ1 வந்திருக்கிறது. நிறம் போய் ஆங்காங்கே வெள்ளையாகத் தெரிகிறது. புதுப் பூச்சு போட்டுவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லவில்லை. அது என்ன பிஸ்டல், இப்போது இருக்கும் பூச்சு யார் போட்டது, தேய்ந்திருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் பட்டறைக்குக் கொண்டு போகாதீர்கள். பூச்சை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், அடுத்த வருஷமும் போடலாம். ஆனால் பூசுவதற்கு முன் பாலிஷ் போடும்போது கரைந்து போகிற உலோகமும் எழுத்தும் திரும்ப வராது.

அது என்ன பிஸ்டல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் மாகசினை, அதாவது தோட்டாப் பெட்டியைக் கழற்றுங்கள். ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) பின்னுக்கு இழுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அப்புறம் நல்ல வெளிச்சத்தில் ஸ்லைடின் இடது பக்கத்தைப் படியுங்கள்.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்த பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போர்க்காலம் வரை பெரும்பாலானவற்றைச் செய்தது கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபர்டில் இருந்த கோல்ட் கம்பெனி. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரியும் ரெமிங்டன் யூஎம்சியும் கொஞ்சம் செய்தன. 1920-களில் ட்ரிகரைக் குட்டையாக்கி, பிடியின் பின்புறத்தை வளைவாக்கி, பிடிப் பாதுகாப்பின் (இறுகப் பிடித்தால் மட்டுமே சுடவிடும் பூட்டு) வாலை நீட்டினார்கள். அதுதான் 1911ஏ1. இரண்டாம் உலகப் போரில் கோல்ட்டோடு சேர்ந்து இதைச் செய்தவர்களின் பட்டியல் வேடிக்கையானது. இதாகா துப்பாக்கிக் கம்பெனி சரி. ஆனால் ரெமிங்டன் ராண்ட் டைப்ரைட்டர் கம்பெனி. நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்களில் தட்டிப் பழகியவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், ரயில்வே சிக்னல் கம்பெனி. சிங்கர், சாட்சாத் அந்தத் தையல் மெஷின் சிங்கர்தான்.

இந்தப் பெயர்களை வைத்தே விலை ஆளுக்கு ஆள் மாறும். அதிகம் செய்தது ரெமிங்டன் ராண்ட். சிங்கர் செய்தது மொத்தமே 500. சிங்கர் பெயர் போட்ட ஸ்லைடு உங்கள் கையில் இருந்தால், அது எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அப்படியே துணியில் சுற்றி வைத்துவிட்டு நிபுணர் ஒருவரைத் தேடுங்கள். போலியும் நிறைய, அதனால் குதிக்கவும் வேண்டாம்.

அடுத்து சீரியல் எண். ஃப்ரேமின், அதாவது பிடியோடு சேர்ந்த அடிச்சட்டத்தின் வலது பக்கம் இருக்கும். எந்தக் கம்பெனிக்கு எந்த எண் வரிசை, எந்த ஆண்டு என்ற பட்டியல்கள் சேகரிப்பாளர்களிடம் பரவலாக உண்டு. அப்புறம், ராணுவத்துக்காக வாங்கும்போது சோதித்த அதிகாரியின் முதலெழுத்து முத்திரை. போர்க்காலக் கோல்ட்டில் ஜி.எச்.டி., ரெமிங்டன் ராண்டிலும் இதாகாவிலும் எஃப்.ஜே.ஏ., யூனியன் ஸ்விட்ச்சில் ஆர்.சி.டி., சிங்கரில் ஜே.கே.சி. ஸ்லைடில் ஒரு கம்பெனி, ஃப்ரேமில் வேறொரு கம்பெனியின் முத்திரை என்று இருந்தால் அது கலப்பு பிஸ்டல். அது குற்றமில்லை, ஆனால் முடிவை மாற்றும்.

கோல்ட் கம்பெனியின் ஆவணக் காப்பகத்துக்குப் பணம் கட்டினால், அந்த எண்ணுள்ள பிஸ்டல் எப்போது, யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் தருவார்கள். குறிப்பாக கோல்ட் பொதுமக்களுக்கு விற்ற மாடல் என்றால், முதலில் என்ன பூச்சோடு வெளியே போனது என்பதும் அதில் வரும். பட்டறைக் கூலியோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் பெரிய விஷயமே இல்லை.

இப்போது இருக்கும் பூச்சு ஒரிஜினல்தானா, யாராவது ஏற்கெனவே போட்டதா?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். இதைச் சரியாகப் பார்த்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது.

முதலில், அந்த ஆண்டில் தொழிற்சாலை என்ன பூசியது என்று தெரிய வேண்டும். 1911-12-ல் வந்த ஆரம்பகாலக் கோல்ட்கள் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, ஆழ்ந்த நீலமாக ப்ளூயிங் (இரும்பின் மேற்பரப்பையே நீலக் கறுப்புப் படலமாக மாற்றும் முறை) செய்யப்பட்டவை. சின்ன ஆணிகளும் திருகுகளும் மயில்கழுத்து நிறத்தில் பளிச்சென்று இருக்கும். சீக்கிரமே ராணுவம் பளபளப்பு வேண்டாம் என்றது, மேற்பரப்பு மங்கலானது. 1918-ல் போர் அவசரம். பாலிஷைக் குறைத்து, கடைசல் தழும்புகள் தெரியும்படியே கறுப்பாக வெளியே அனுப்பினார்கள். சேகரிப்பாளர்கள் இவற்றை 'பிளாக் ஆர்மி' என்பார்கள். இந்தப் பூச்சு சரியாக ஒட்டாமல் செதில் செதிலாக உதிரும். ஒரு பிளாக் ஆர்மி உரிந்து அசிங்கமாக இருக்கிறதென்றால், அதுவே அது அசல் என்பதற்குப் பெரிய சாட்சி! 1941-ல் கோல்ட் ராணுவ பிஸ்டல்களுக்குப் பார்க்கரைசிங் வந்தது. பாஸ்பேட் கரைசலில் வேக வைத்து எடுக்கும் சொரசொரப்பான சாம்பல் பூச்சு அது. ரெமிங்டன் ராண்டும் அப்படியே. யூனியன் ஸ்விட்ச்சும் சிங்கரும் மட்டும் நீலப் பூச்சு.

ஆக 1943-ஆம் வருஷ ரெமிங்டன் ராண்ட் ஒன்று பளபளவென்று நீலமாக இருந்தால், அது பிற்பாடு யாரோ செய்த வேலை. பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

மற்ற அடையாளங்கள்: ஸ்லைடின் விளிம்புகளை விரலால் தடவுங்கள். தொழிற்சாலையில் இருந்து வந்த விளிம்பு சுருக்கென்று இருக்கும். பஃபிங் சக்கரத்தில், அதாவது சுழலும் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தது வழவழவென்று உருண்டிருக்கும். எழுத்துகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அச்சு உருளை அழுத்திய எழுத்தின் ஓரத்தில் உலோகம் மெல்லிசாகப் புடைத்து நிற்கும். பாலிஷ் போட்டதில் அந்தப் புடைப்பு போய், எழுத்தே ஆழமில்லாமல் கரைந்திருக்கும். ஆணித் துளைகளின் வாய் தட்டு மாதிரி குழிந்திருக்கும். துருக்குழிகளின் உள்ளேயும் நீலம் ஏறியிருந்தால், துரு முதலில் வந்தது, பூச்சு அப்புறம் வந்தது என்று அர்த்தம்.

தேய்மானம் எங்கே இருக்கிறது என்றும் கவனியுங்கள். தோலுறையில் போட்டு எடுத்த பிஸ்டலுக்கு ஸ்லைடின் முன்முனை, சேஃப்டியின் விளிம்பு, கை பிடிக்கும் முன்பட்டை ஆகிய இடங்களில்தான் நிறம் போகும். அங்கே முழு நிறமும், யாரும் தொடாத இடத்தில் வெள்ளையும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ராணுவமே மறுபூச்சு போட்டிருந்தால் அது ஒரிஜினல் இல்லையா?

தொழிற்சாலை ஒரிஜினல் இல்லை. ஆனால் கெடுக்கப்பட்டதும் இல்லை. போருக்குப் பிறகு ஏராளமான பிஸ்டல்களைக் கிடங்குகளுக்கு வரவழைத்து, பிரித்து, பாகங்களைக் கூடையில் கொட்டிக் கலந்து, புதிதாகப் பார்க்கரைசிங் செய்து மறுபடியும் படைக்கு அனுப்பினார்கள். எந்தக் கம்பெனி பாகமும் எதற்கும் பொருந்த வேண்டும் என்பதே ஒப்பந்தம் என்பதால் இது சுலபம். ஃப்ரேமில் 'ஏ.ஏ.' என்று இருந்தால் அகஸ்டா ஆர்சனல், 'ஆர்.ஐ.ஏ.' என்றால் ராக் ஐலண்ட் ஆர்சனல்; இரண்டும் ராணுவ ஆயுதக் கிடங்குகள். இந்த முத்திரை இருக்கும் மறுபூச்சு அந்த பிஸ்டலின் பணிக்குறிப்பில் ஒரு வரி. அதைச் சுரண்டிவிட்டு 1918 நீலத்தை மறுபடி போடுவது எனக்குச் சம்மதமில்லை.

2018-ல் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு ராணுவத்தின் உபரி 1911-களைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியபோது வந்தவை பெரும்பாலும் இப்படிக் கலந்து கட்டியவைதான். நிலைக்கு ஏற்ப 850 முதல் 1,050 டாலர் வரை விலை வைத்தார்கள். அப்படியும் குலுக்கல் வைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. தேய்மானம் யாரையும் விரட்டவில்லை.

நிறம் போனதும் துருவும் ஒன்றுதானே? இரண்டும் அசிங்கம்தானே?

ஒன்றல்ல. நிறம் தேய்ந்து வெள்ளையாகவோ, காலப்போக்கில் ஒரே சீரான பழுப்பாகவோ மாறியது அப்படியே இன்னும் நூறு வருஷம் இருக்கும். எண்ணெய் தடவி வைத்தால் போதும். கையில் ஒட்டும் செம்பொடி, மேடாக எழும்பி நிற்கும் புள்ளிகள், இவை உயிரோடு இருக்கும் துரு. இது தின்றுகொண்டே இருக்கும். இதை இன்றே நிறுத்த வேண்டும். ஆனால் அதற்கும் புதுப் பூச்சுக்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் துருவை எப்படி எடுப்பது?

பொறுமையாக. பிடிப் பலகைகளைக் கழற்றிவிட்டு, மெல்லிய துப்பாக்கி எண்ணெயைத் தாராளமாகத் தடவி ஓரிரு நாள் ஊறவிடுங்கள். அப்புறம் மிக மெல்லிய, நான்கு சைபர் ரக ஸ்டீல் உல்லை (இரும்பு நார்) எண்ணெயில் நனைத்து, எடையே கொடுக்காமல் தேயுங்கள். துரு பழுப்புக் குழம்பாக வரும். துணி கறுப்பாக ஆரம்பித்தால் பூச்சையே எடுக்கிறீர்கள், நிறுத்துங்கள். பிடிவாதமான புள்ளியைப் பித்தளைத் துண்டின் விளிம்பால் தட்டி எடுக்கலாம். பித்தளை இரும்பைக் கீறாது. உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள்.

பரவலான துரு என்றால் இன்னொரு வழி உண்டு. பாகங்களைப் பிரித்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைப்பது. செந்துரு கருந்துருவாக, அதாவது மேக்னடைட்டாக மாறிவிடும். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் உதிர்ந்ததைத் துடைத்து, சூட்டோடு எண்ணெய் போட்டால் போதும். ப்ளூயிங் என்பதும் அதே மேக்னடைட் படலம்தான் என்பதால் மிச்சமிருக்கும் பழைய நீலத்துக்குச் சேதமில்லை.

இதே காரணத்தால்தான் வினிகர், பாஸ்பாரிக் அமிலம் கலந்த ஜெல்லி, கடையில் விற்கும் துருநீக்கிக் கரைசல்கள் எல்லாம் ஆபத்து. அவற்றுக்குத் துருவும் நீலமும் ஒன்றே, இரண்டையும் சேர்த்துக் கரைத்துவிடும். பழைய வெண்கல விளக்கைக் கண்டால் புளி போட்டுத் தேய்க்கத் துடிக்கும் கை நம்முடையது. அந்தக் கையைக் கட்டிப் போட்டே ஆக வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ரெனசான்ஸ் மெழுகு மெல்லிசாகப் பூசலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950-களில் உருவான மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு அது. அருங்காட்சியகங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. தோலுறையில் மட்டும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும்.

கடையில் சின்ன பாட்டிலில் 'கோல்டு ப்ளூ' (சூடாக்காமல் தடவும் நீல மருந்து) விற்கிறதே, வெள்ளையான இடத்தில் மட்டும் தொட்டுவிடலாமா?

தொடலாம், ஆனால் தெரியும். அது நிஜ ப்ளூயிங் இல்லை. செலினியம், செம்பு உப்புகளால் இரும்பின் மேல் ஏற்றும் ஒரு கறை. நிறம் சாம்பல் கலந்து வரும், வாசனையும் காட்டிக் கொடுக்கும், சீக்கிரம் தேயும். பழைய பிஸ்டலில் இதைக் கண்டதும் வாங்க வருகிறவர் "வேறு என்னவெல்லாம் மறைத்திருக்கிறார்கள்?" என்று யோசிக்க ஆரம்பிப்பார். நல்ல 1911-ல் செய்யாதீர்கள்.

மறுபூச்சு போட்டால் விலை எவ்வளவு குறையும்?

சேகரிப்பாளர் தேடும் பிஸ்டல் என்றால், ஒரிஜினல் பூச்சில் இருப்பதன் விலையில் பாதிக்கு விற்பது சாதாரணம். அரிய மாடலில் அடி இன்னும் பலம். போருக்கு முந்தைய கோல்ட்டில் மிச்சமிருக்கும் ஒரிஜினல் நீலத்தைச் சதவீதக் கணக்கில் எண்ணித்தான் விலை பேசுவார்கள். முப்பது சதவீதம் மிச்சமிருப்பதற்கும் விலை உண்டு, நூறு சதவீத மறுபூச்சுக்கு அந்த மரியாதை கிடையாது. இதோடு பட்டறைக் கூலியையும் சேருங்கள். அந்தக் காலத்து பாலிஷை அப்படியே திரும்பக் கொண்டுவரும் உயர்தர வேலைக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சகஜம். பணம் கொடுத்து விலையைக் குறைத்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எந்த பிஸ்டலுக்குத்தான் செய்யலாம்?

சிலவற்றுக்குத் தாராளமாகச் செய்யலாம். ஏற்கெனவே யாரோ பஃபிங் செய்து கெடுத்தது, ஸ்லைடில் புதிய குறிபார்வைக்காகத் துளை போட்டது, பாகம் பாகமாக எங்கெங்கோ இருந்து சேர்த்தது, கண்காட்சியில் மலிவாக வாங்கிச் சுடப் பழகுவதற்கென்றே வைத்திருப்பது. இவற்றில் காப்பாற்ற வேண்டிய சேகரிப்பு மதிப்பு எதுவும் மிச்சமில்லை. கண்ணுக்கு அழகாகவும் துருப்பிடிக்காமலும் இருந்தால் நல்லதுதானே.

கடினமான இடம் குடும்ப பிஸ்டல். தாத்தா கொரியாவில் சுமந்தது, அதை விற்கும் எண்ணம் பேரனுக்கு இல்லவே இல்லை, சுவரில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். சந்தை விலை இங்கே வாதமே இல்லை. ஆனால் பிடியின் முன்பட்டையில் நிறம் போனது அந்தத் தாத்தாவின் விரல்பட்டுத்தான். அதை அழித்துவிட்டு எதைப் பெட்டியில் வைக்கப் போகிறீர்கள்? என் கருத்து இது. வீட்டில் உள்ளவர்கள் வேறு முடிவெடுத்தால் தவறென்று சொல்ல மாட்டேன்.

செய்வதென்று முடிவாகிவிட்டது. பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்?

பூச்சைப் பற்றிக் கேட்பதற்கு முன் பாலிஷ் பற்றிக் கேளுங்கள். கையால் கட்டை வைத்துத் தேய்ப்பாரா, சக்கரத்தில் கொடுப்பாரா? எழுத்துகளைச் சுற்றி எப்படி வேலை செய்வார்? அவர் முன்பு செய்த பிஸ்டல் ஒன்றைக் கையில் வாங்கி, விளிம்பையும் துளை வாயையும் எழுத்தையும் பாருங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், நிறம் எல்லோருக்கும் வரும். துருக்குழிகள் ஆழமாக இருந்தால் "குழி இருக்கட்டும், தட்டையாக்க வேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள். குழியின் அடி வரை உலோகத்தை இறக்கினால் முத்திரையும் சேர்ந்து போகும்.

சீரியல் எண் விஷயத்தில் இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. எண் அழிக்கப்பட்ட, மாற்றப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அளவுக்கு மீறிய பாலிஷ் அந்த இடத்தில் நடக்கவே கூடாது.

பூச்சைப் பொறுத்தவரை, இரண்டாம் போர் பிஸ்டலுக்குப் பார்க்கரைசிங் பொருத்தம். அதற்குப் பளபளப்பே தேவையில்லாததால் உலோக இழப்பும் குறைவு. முந்தையவற்றுக்கு நீலம். இன்று பெரும்பாலான பட்டறைகள் செய்வது காரமும் நைட்ரேட் உப்பும் கலந்து 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும் தொட்டியில் போடும் ப்ளூயிங். அலுமினிய ஃப்ரேம் உள்ள கோல்ட் கமாண்டரை அந்தத் தொட்டியில் போட்டால் ஃப்ரேம் கரைந்துவிடும், சொல்லிவிடுங்கள். வீட்டுச் சமையலறையில் இந்தத் தொட்டி வேலை வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் காரம் முகத்தில் தெறிக்கும்.

பிஸ்டல் மேல் யாரோ நிக்கல் பூசியிருக்கிறார்கள். எடுத்துவிடலாமா?

எடுக்கலாம், பட்டறையில் மின்பகுப்பு முறையில் உரிப்பார்கள். ஆனால் நிக்கல் பூசுவதற்கு முன்பே பலமாக பாலிஷ் போட்டிருப்பார்கள் என்பதால் அடியில் கிடைப்பது பழைய 1911 அல்ல. நன்றாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: நிக்கலுக்கு அடியில் செம்புப் படலம் இருந்தால், அம்மோனியா கலந்த பேரல் கிளீனர் அதைத் தின்று நிக்கலை உரித்துவிடும்.

பட்டறை வேறு மாநிலத்தில் இருக்கிறது. பார்சலில் அனுப்பலாமா?

சாதாரண ஆள் கைத்துப்பாக்கியை அமெரிக்கத் தபாலில் அனுப்ப முடியாது. தனியார் கூரியர்களும் இப்போது உரிமம் உள்ளவர்களிடம் இருந்தே வாங்குகிறார்கள். உள்ளூர் டீலர் மூலம் அனுப்புவது சுலபம். பட்டறைக்காரரிடம் கூட்டாட்சி உரிமம் இருக்க வேண்டும். இரவு தங்க வைக்கும் ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவேட்டில் ஏற்றுவார். உங்கள் மாநிலச் சட்டத்தைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுப் பூச்சு போட்டால் சுடுவதற்கு வலுவாகிவிடுமா?

ஆகாது. பூச்சு தோல்தான். முதல் போர்க்கால ஸ்லைடுகள் இன்றைய முறையில் கடினப்படுத்தப்பட்டவை அல்ல. இரண்டாம் போரில்கூட ஸ்லைடின் முன்பகுதியை மட்டும் கடினப்படுத்தியவை உண்டு. விரிசல் விடுவது புதிதல்ல. சுட வேண்டுமென்றால் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) பார்த்த பிறகு, புது ஸ்பிரிங் போட்டு, மிதமான தோட்டாவில், எப்போதாவது. நிறையச் சுட ஆசையா? புது 1911 வாங்குங்கள்.

ஜெர்மன் லூகர் பிஸ்டலுக்கும் இதே கதைதானா?

இன்னும் கறார். 1937 வரை அதைச் செய்த மவுசர் கம்பெனியில் மெதுவாகத் துருவேற்றி நீலமாக்கும் முறை. ட்ரிகர், சேஃப்டி போன்ற சின்னப் பாகங்கள் வைக்கோல் நிறம். 1937-ல் உப்புத் தொட்டிக்கு மாறினார்கள், வைக்கோல் நிறமும் போனது. பிற்காலப் பட்டறை எல்லாவற்றையும் ஒரே நீலத்தில் முக்கி எடுத்திருந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். பாகங்களில் அடித்த எண்கள் எல்லாம் ஒத்துப்போகும் லூகர் என்றால் எண்ணெயைத் தவிர எதுவும் படக் கூடாது.

இந்தியாவில் தாத்தாவின் வெப்ளி ரிவால்வர் லைசென்ஸோடு இருக்கிறது. இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

உலோகத்தைப் பற்றிச் சொன்னது பொருந்தும். நடைமுறை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி பழுதுபார்ப்பதற்கே உரிமம் வேண்டும். ஆகவே உரிமம் பெற்ற ஆயுதக் கடையைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, தெரிந்த லேத் பட்டறை என்றாலும் கூடாது. எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பது அங்கேயும் குற்றம். லைசென்ஸில் எழுதியிருக்கும் எண் ஆயுதத்தில் தெளிவாகப் படிக்கும்படி இருக்கிறதா என்று வேலைக்குக் கொடுக்கும் முன்னும் வாங்கும்போதும் பாருங்கள்.

மறுபூச்சு போட்டதை விற்கும்போது சொல்ல வேண்டுமா?

சொல்லியே ஆக வேண்டும். வேலைக்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, பட்டறை ரசீதோடு பெட்டியிலேயே போட்டு வைத்துவிடுங்கள். நீங்கள் விற்கும்போது நினைவிருக்கும். உங்கள் பிள்ளைகள் விற்கும்போது அவர்களுக்குத் தெரிய வேறு வழியில்லை.